எங்கள் வீட்டுத் துவக்கு

பழைய மாணவன் ஒருவன்

விழா மலர்க் குழுவினர், பழைய மாணவன் என்ற முறையில் நானும் ஒரு கட்டுரை வரைதல் வேண்டும் என்று பணித்தபோது, எப்பொருளைப்பற்றி எழுதலாம் என்று சில நாள் சிந்தித்தேன். கல்லூரியின் வளர்ச்சியையும், மறைந்த அதிபர்களின் தொண்டையும், விளையாட்டுத் துறையில் நாம் ஈட்டிய வெற்றிகளையும் எடுத்துரைத்தற்கு என்னிலும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். அவர்கள் தொடாத ஒரு பொருளை நான் எடுத்துக்கொள்வதே முறை எனத் தோன்றிற்று. கமக்காரனாகிய என்னிடம் அனுமதிப்பத்திரத்தோடு கூடிய வேட்டைத் துவக்கு ஒன்று உண்டு. அதனைப்பற்றியே எழுதத் துணிந்தேன்.

இந்துக் கல்லூரி மலரிலே துவக்கைப்பற்றிய கட்டுரையா என்று அன்பர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். நாம் வணங்கும் முருகன் கையிலே வேல் உண்டு. துர்க்கையின் கையிலே சூலம் உண்டு. திருக்குறளிலே கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த பெருமானே படைமாட்சிக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயுதத்தைப்பற்றிச் சிந்திப்பது நமது மரபுக்குப் புறம்பானதன்று. சிந்தியாது அதனைக் கையில் எடுப்பதே புறம்பானது. என் தலைமுறையினர் அதனைக் கண்ணாரக் கண்டவர்கள். ஆகையால் இளைய மாணவர்களுக்கு இதனைச் சொல்லிவைக்கும் கடப்பாடும் எனக்கு உண்டு.

தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம். இரண்டும் துருக்கி மொழிச் சொல் ஒன்றின் வழிவந்தவை என்பர். பொருளும் பெயரும் பிற நாட்டிலிருந்து வந்தவையே. எனினும் வன்னியிலே மண்வெட்டியைப் போலத் துவக்கும் ஒரு வீட்டுச் சாமானாகவே இருந்தது.

எனது தந்தையார் இரணைமடுக் குளத்தின் கீழே வயல் செய்தவர். 1956ஆம் ஆண்டு பெரும்போகத்திலே, கதிர் பால்பிடிக்கும் வேளையில் காட்டுப்பன்றிகள் புகுந்து ஓரிரவிலே பாதி வயலை உழக்கிவிட்டன. பறையடித்தும் தீப்பந்தம் காட்டியும் பயனில்லை. அடுத்த ஆண்டு ஐயா கச்சேரிக்குப் பலமுறை நடந்து அனுமதிப்பத்திரம் பெற்று, பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல் துவக்கொன்றை வாங்கி வந்தார். எங்கள் வீடோ மரக்கறி உண்ணும் சைவ வீடு. அம்மா அதனைக் கண்டதும், சுவாமி படம் இருக்கும் வீட்டினுள்ளே அது வரக்கூடாது என்று ஒரே சொல்லிற் சொல்லிவிட்டார். ஆதலின் அது நெல்மூடைகள் அடுக்கிய அறையிலே குடிபுகுந்தது. சுட்ட பன்றியை ஐயா தீண்டுவதில்லை. வயலில் வேலை செய்தோர் பங்கிட்டு எடுத்துச் செல்வர். ஆண்டிலே ஒருநாள், ஆயுத பூசையன்று மாத்திரம், மண்வெட்டி, அரிவாள், கலப்பைக் கொழு ஆகியவற்றோடு அதனையும் வைத்துச் சந்தனப் பொட்டிட அம்மா இசைவார். அன்றும் பொட்டிடுபவர் ஐயாதான்.

ஐயா வகுத்த விதிகள் மூன்று. துவக்கு ஓரிடம், தோட்டா வேறோரிடம் என்பது முதலாவது. பெட்டியிலுள்ள தோட்டாக்களை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எண்ணிக் கொப்பியிலே குறித்தல் வேண்டும் என்பது இரண்டாவது. குழலின் வாய் எந்நேரமும் நிலத்தையோ வானத்தையோ நோக்கியிருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. வெறுந் துவக்காயினும் மனிதரை நோக்கிப் பிடித்தால் அன்று எங்களுக்குச் சோறில்லை.

இவ்விதிகளை நான் மீண்டும் கேட்டது எமது கல்லூரியிலேதான். கடேற் படையில் நான் சேர்ந்தபோது, பல மாதங்கள் எங்களுக்குக் கிடைத்தவை மரத்தாற் செய்த போலித் துவக்குகளே. அவற்றைத் தோளிற் சுமந்து மைதானத்தைச் சுற்றி நடந்து களைத்தோம். பின்னர்த் தியத்தலாவையில் நடைபெற்ற பாசறையிலே உண்மையான .303 றைபிள் கைக்கு வந்தது. எங்களைப் பயிற்றிய ஆசிரியர், வெறுந் துவக்கு என்று ஒன்று உலகில் இல்லை, நிறைந்த துவக்கும் நிறைந்திருக்கக்கூடிய துவக்கும் என இரண்டே உண்டு என்பார். அன்று சிரித்தோம். ஐந்து தோட்டாக்களைச் சுட்டு முடித்த பின்னர் ஐந்து வெற்றுக் கோதுகளையும் பொறுக்கி அவர் கையிலே எண்ணிக் கொடுத்தாலன்றித் தேநீர் கிடையாது. எண்ணிக் கொடுத்தல் என்னும் அச்சிறு செயலிலே ஓர் அரசியற் கோட்பாடு அடங்கியிருப்பதை அக்காலத்தில் நான் உணர்ந்திலேன்.

கோட்பாட்டை உணருமுன் ஒரு பிழையைச் செய்தேன். 1967ஆம் ஆண்டு மார்கழி மாதம். பேராதனையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். ஐயாவுக்குக் காய்ச்சல். இராக்காவலுக்கு நான் போகிறேன் என்று துவக்கை எடுத்துக்கொண்டு பரணிலே ஏறினேன். நடுச்சாமத்துக்குப் பின் வாய்க்கால் ஓரமாக நெற்பயிர் சரசரத்தது. இருளிலே ஒன்றும் தோன்றவில்லை. பன்றிதான் என்று என் மனம் முடிவு கட்டிற்று. ஓசை வந்த திசையை நோக்கிச் சுட்டேன். உடனே மனிதக் குரல் ஒன்று ஐயோ என்று எழுந்தது.

பக்கத்து வயற்காரர், தமது முறைத் தண்ணீரைத் திருப்புவதற்காகக் குனிந்து வரம்பை வெட்டிக்கொண்டிருந்தவர், அங்கே நின்றார். அவர் குனிந்து நின்றமையால் உயிர் தப்பினார். சன்னங்கள் அவர் தலைக்கு மேலாகச் சென்று நாவல் மரத்திலே பதிந்தன. அவருக்கு அப்போது மூன்று வயதில் ஒரு மகன் இருந்தான்.

விடிந்ததும் ஐயா என்னை அந்த நாவல் மரத்தடிக்கு அழைத்துச் சென்று, மரப்பட்டையிலிருந்த துளைகளை விரலால் எண்ணச் செய்தார். பதினொன்று எண்ணினேன். பின்னர் அவர் சொன்னது இவ்வளவே: "தம்பி, துவக்கு காதாலை கேட்டுச் சுடுற சாமான் இல்லை. கண்ணாலை கண்டு சுடுற சாமான்." அதன்பின் மூன்று ஆண்டுகள் அவர் என்னை அதனைத் தொட விட்டிலர். பக்கத்து வயற்காரரோ இதனை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. துவக்கைப்பற்றி இன்று நான் கொண்டிருக்கும் கருத்துக்கள் யாவும் அந்த மரத்தடியிலே தொடங்கியவை.

நிற்க. நமது நாட்டிலே துவக்கு வைத்திருத்தல் உரிமையன்று, அனுமதி. 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. கமத்தொழிலுக்கென ஒருவர் துவக்கு வேண்டின், தேவையைக் காட்டி அனுமதி பெறல் வேண்டும். ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தலும் வேண்டும். தந்தையின் துவக்கு மகனுக்குத் தானாக வந்துவிடாது. ஐயா 1979இல் காலமானபின் நானும் புதிதாக விண்ணப்பம் எழுதியே அதனைப் பெற்றேன்.

இச்சட்டம் அந்நியர் ஆட்சியிலே பிறந்தது. ஆகவே குடிகளை அடக்குதற்கான கருவி என்று சொல்வார் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. இந்தியாவிலே 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்து, இந்தியர்மீது மாத்திரம் தடையை விதித்தது. அகிம்சையையே உயிர்மூச்சாகக் கொண்ட காந்தியடிகள்கூட, ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் நிராயுதபாணிகளாக்கிய அச்சட்டத்தை ஆங்கிலேயரின் கொடுஞ் செயல்களுள் மிகக் கரியது என்று கண்டித்தார். இன்று அமெரிக்காவிலே துவக்குரிமை பேசுவோர் அக்கூற்றை விரும்பி எடுத்தாள்கின்றனர். ஆனால் அண்ணல் அதனை எழுதியது முதலாம் உலகப் போரிலே படைக்கு ஆட்சேர்த்த காலத்திலாகும். ஒரு சாராருக்கு நம்பிக்கையும் மறு சாராருக்கு ஐயமும் என்று வகுத்த அநீதியே அவர் நெஞ்சைச் சுட்டது. சட்டம் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தல் வேண்டும் என்பதே அதிலிருந்து நான் கொள்ளும் பாடம்.

1971ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் தென்னிலங்கையிலே சிங்கள இளைஞர் கிளர்ச்சி செய்தனர். வீடுகளிலிருந்து பறித்த வேட்டைத் துவக்குகளும் கையாற் செய்த குண்டுகளுமே அவர்களுடைய படைக்கலங்கள். அவற்றைக் கொண்டு பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர், ஆயிரக்கணக்கில் மாண்டனர். பத்திரிகையை வாசித்து முடித்த ஐயா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, "இது ஒருநாளைக்கு எங்கட படலைக்கும் வரும்" என்றார். நான் அதனைப் பொருட்படுத்தவில்லை.

பதின்மூன்று ஆண்டுகளின் பின் அது படலைக்கு வந்தது. 1984ஆம் ஆண்டு, ஐப்பசி மழைநாள் ஒன்று. இரவு ஒன்பது மணி இருக்கும். முகத்தைத் துணியால் மறைத்த இளைஞர் நால்வர் முற்றத்திலே நின்றனர். ஒருவன் கையிலே கைத்துப்பாக்கி இருந்தது. பேசியவன் வேறொருவன். "மாமா, சத்தம் போடாதேங்கோ. துவக்கைத் தாங்கோ. பிறகு கொண்டந்து தருவம்" என்றான். மறைத்த துணி குரலை மறைக்கவில்லை. பக்கத்து வயற்காரரின் மகன் அவன். மாலை வேளைகளில் என் விறாந்தையிலிருந்து அட்சரகணிதம் கற்றவன். நல்ல மூளை, உயர்தர வகுப்பை முடித்துப் பல்கலைக்கழகத்தை எதிர்பார்த்திருந்தவன்.

நெல்லறைக்குச் சென்று துவக்கை எடுத்துக் கொடுத்தேன். தோட்டா எங்கே என்றான். அது வேறோரிடத்தில் இருக்கும் என்பதை அவன் முன்னரே அறிவான். அதையும் கொடுத்தேன். கொப்பியிலே பதினான்கு என்று குறித்திருந்தது. பதினான்கையும் எண்ணிக் கொடுத்தேன். ஏன் எண்ணினேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. பழக்கம் போலும்.

துவக்குக் களவு போனால் அறிவித்தல் சட்டம் விதித்த கடமை. மறுநாள் பொலிஸ் நிலையம் சென்றேன். ஆட்களை அடையாளம் தெரியுமா என்று வினவினர். முகத்தை மறைத்திருந்தனர், தெரியாது என்றேன். முதற் பாதி உண்மை; மறுபாதி பொய். அவன் பெயரைச் சொல்லியிருந்தால் அவன் கதி என்ன ஆகியிருக்கும் என்பதை அக்காலத்தை அறிந்தோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. சொல்லாது விட்டதால் அத்துவக்கு யார்மேற் பாய்ந்தது என்பதும் எனக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகளாக இவ்விரண்டையும் தராசின் இரு தட்டிலும் வைத்துப் பார்க்கின்றேன். முள் ஓரிடத்தில் நிற்பதில்லை. சட்டத்தை மதிப்பவன் என்று என்னைப்பற்றி யாரேனும் புகழ்ந்தால் இவ்விரவே நினைவுக்கு வரும். இதனை அச்சிலே சொல்வது இதுவே முதன்முறை.

அவ்விளைஞன் 1986இல் இறந்தான். 1987ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 72 மணி நேரத்துள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அதிலே கண்டிருந்தது. ஒகஸ்ட் மாதம் பலாலியிலே ஆயுத ஒப்படைப்பு நிகழ்ந்தபோது, பத்திரிகையில் வந்த படத்தை உருப்பெருக்கி கொண்டு நோக்கினேன். ஐயாவின் ஒற்றைக்குழலைத் தேடினேன். பேதைமைதான்.

சில ஆண்டுகளின் பின்னர் பக்கத்து வயற்காரர் வரம்பிலே என்னை மறித்து, "தம்பி, அவன் உம்மட வீட்டையும் வந்தவனோ?" என்றார். "ஓம் அண்ணை, வந்தவன். நான்தான் எடுத்துக் குடுத்தனான்" என்றேன். அவர் ஒன்றும் பேசாது மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சென்றார். மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது, அவருடைய முறைத் தண்ணீர் என் வயலிலே பாய்ந்துகொண்டிருந்தது.

இனி, பொது விடயத்துக்கு வருவோம். எம்மோடு ஒரே வாங்கிலிருந்து பயின்ற நண்பர் ஒருவர் அமெரிக்காவிலே குடியேறி வாழ்கின்றார். தலையணைக்கு அருகே கைத்துப்பாக்கி வைத்து உறங்குபவர். அவருக்கும் எனக்கும் இப்பொருள்பற்றிப் பல ஆண்டுகளாகக் கடிதப் போர் நடக்கின்றது.

அந்நாட்டு அரசியலமைப்பிலே 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஒரே ஒரு வாக்கியம். குடிப்படையைப்பற்றித் தொடங்கி, ஆயுதம் தாங்கும் மக்களின் உரிமையைப்பற்றி முடிவது. அவ்வுரிமை குடிப்படைக்கு உரியதா, தனிமனிதனுக்கு உரியதா என்பது இருநூறு ஆண்டு வழக்கு. 2008இல் உயர் நீதிமன்றம் ஐந்து நீதியரசர்க்கு நால்வர் என்ற கணக்கிலே, வீட்டிலே தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதனின் உரிமை என்று தீர்த்தது. ஆயினும் அவ்வுரிமை எல்லையற்றதன்று என்றும் அத்தீர்ப்பிலேயே கூறிற்று. 2022இல் நியூ யோர்க் மாநிலத்துச் சட்டம் ஒன்றைத் தள்ளி அவ்வுரிமையை விரித்தது. 2024இல், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றவனிடமிருந்து துவக்கை விலக்கிவைக்கலாம் என்று எண்மருக்கு ஒருவர் என்ற கணக்கிலே தீர்த்தது. இங்கே நான் கச்சேரி வாயிலிலே நின்று துவக்கு எனக்கு ஏன் வேண்டும் என்று காட்டுகிறேன். அங்கே அரசு நீதிமன்றத்திலே நின்று அது ஒருவனுக்கு ஏன் கூடாது என்று காட்டுகின்றது. இரு நாட்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவேயாகும்.

நண்பரின் வாதத்தை இழித்துரைக்க நான் விரும்பேன். பொலிஸ் நிலையம் பல மைல் தொலைவிலுள்ள தனிவீட்டில் வாழ்பவனுக்குத் துவக்கு ஒரு தெம்பு. வேட்டையும் குறிசுடுதலும் அங்கே தந்தை மகனுக்குக் கற்பிக்கும் குடிவழிக் கலைகள். ஆனால் அவர் கடிதத்திலே ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. 1958இலும் 1977இலும் 1983இலும் தமிழர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு துவக்கு இருந்திருப்பின், காடையர் கூட்டம் படலையைத் திறந்திருக்குமா என்று அவர் வினவியிருந்தார்.

இது எளிதில் தள்ளக்கூடிய வினாவன்று. வானை நோக்கி ஒரு வெடி வைத்துக் கூட்டத்தைக் கலைத்தவர் சிலரின் கதையை நானும் கேட்டிருக்கிறேன். ஓரிரவு ஒரு வீட்டைத் துவக்குக் காக்கலாம். ஆனால் காவல் செய்யவேண்டியவர்கள் கைகட்டி நின்ற அந்நாட்களிலே நாம் இழந்தது சட்டத்தின் காவலை. அதற்கு ஈடாக ஒற்றைக்குழல் துவக்கு நிற்குமா? நண்பருக்கு நான் எழுதிய மறுமொழி வருமாறு: 1983க்குப் பின் எம்மிடையே துவக்குகள் குறைவாக இருந்தனவா? வேலி தோறும் இருந்தனவே. அவற்றால் எமது இரவுகள் அச்சமற்றவை ஆயினவா? நாய் குரைத்தால் விளக்கை அணைத்த வீடுகளிலேயன்றோ நாம் இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்தோம். வீட்டுத் துவக்கு வலியோனை எதிர்க்கும் என்பது ஏட்டுச் சுரைக்காய். என் அனுபவத்திலே, வலியோன் வந்து கேட்டதும் நான் அதனை எண்ணிக் கொடுத்தேன். இதற்கு நண்பர் இன்னும் பதில் எழுதவில்லை, எழுதுவார்.

இன்னொரு செய்தி. 2021ஆம் ஆண்டு அமெரிக்காவிலே துவக்கினால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அஃதாவது பாதிக்கு மேற்பட்டோர். கள்வனுக்கென வைத்த துவக்கு வீட்டுக்காரனையே கூடுதலாகக் கொல்கின்றது. சாகத் துணிந்தவன் வேறு வழியைத் தேடுவான் என்பர் சிலர். கமத்தொழில் உத்தியோகத்தனாக இருந்த நான் அதனை ஒப்பேன். நமது நாட்டிலே 1995ஆம் ஆண்டளவில் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. பெரும்பாலோர் அருந்தியது கிருமிநாசினி. கொடிய நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2008க்கும் 2011க்கும் இடையிலே பரகுவற், டைமெதொயேற், பென்தியன் ஆகியனவும் விலக்கப்பட்டன. விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. நெல் விளைச்சலோ அதனாற் குறையவில்லை. மனிதரின் துயரம் மறைந்துவிடவில்லை. கைக்கெட்டிய தூரத்திலிருந்த கொடிய பொருள்தான் மறைந்தது. சினமும் துயரும் ஒரு நாழிகை. அந்நாழிகையிலே கை எதனைப் பற்றுகின்றது என்பதே உயிரை நிச்சயிக்கின்றது. துவக்கு ஓரிடம், தோட்டா வேறோரிடம் என்ற ஐயாவின் விதி அந்த நாழிகையைக் கடத்துவதற்கான உபாயம் என்று இப்போது உணர்கின்றேன்.

அவுஸ்திரேலியாவிலே என் மகன் வாழ்கின்றான். அங்கே சென்றிருந்தபோது அயலிலுள்ள பழத்தோட்டக்காரர் ஒருவருடன் நட்புக் கொண்டேன். 1996ஆம் ஆண்டு ஏப்ரில் 28ஆம் நாள் தஸ்மேனியாவிலுள்ள போர்ட் ஆதர் என்னுமிடத்திலே ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அப்போதைய பிரதமர் யோன் ஹவார்ட் பழைமைக் கட்சியினர்; அவருக்கு வாக்களித்தோருள் துவக்குக் காரராகிய கமக்காரர் பலர். ஆயினும் இரு வாரத்துக்குள் எல்லா மாநிலங்களையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் துவக்குகள் பெரும்பாலும் விலக்கப்பட்டன. ஏறத்தாழ 6,40,000 துவக்குகளை அரசு விலைகொடுத்து வாங்கி அழித்தது. சினங்கொண்ட துவக்குக் காரர் முன்னிலையிலே குண்டு துளையாத அங்கி அணிந்து நின்று அவர் பேசினார். தம்மைச் சார்ந்தோரின் வெறுப்பை ஏற்று நிற்றல் அரசியலிலே அரிது.

அந்தத் தோட்டக்காரர் தாமும் அன்று இரண்டு துவக்குகளைக் கையளித்ததாகச் சொன்னார். முதலிற் கோபமாம், பின்னர் முயல் சுடுவதற்கு எஞ்சிய ஒன்றே போதும் என்று கண்டாராம். அதனை இரும்பு அலுமாரியிலே பூட்டி வைத்திருக்கிறார். தோட்டாவுக்கு வேறு பூட்டு. என் தந்தையின் நெல்லறையை அங்கே மீண்டும் கண்டேன். அச்சட்டத்திலே பயிர்காத்தல் தக்க காரணம். தற்காப்பு தக்க காரணமன்று. கமக்காரனின் கருவியாக மதித்து, மனிதனுக்கெதிரான கருவியாக மதியாத அப்பாகுபாடு எனக்கு உகந்தது.

2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தது. கண்ணிவெடி அகற்றியபின் வயலுக்குத் திரும்பினோம். முப்பது ஆண்டிலே காடு வயலுக்குள் வந்திருந்தது. பன்றி, குரங்கு, மயில், யானை யாவும் குடியேறியிருந்தன. பயிரழிவு இன்று நாடளாவிய துன்பம். 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணிக்கு நாடெங்கும் ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் மரவணிலையும் எண்ணும்படி அரசு குடிகளைக் கேட்டது. பலர் நகைத்தனர். நான் நகைக்கவில்லை. எங்கள் வளவிலே குரங்குகள் 23.

மீண்டும் விண்ணப்பித்தேன். கிராம அலுவலரின் சிபாரிசு, பொலிசாரின் அறிக்கை, நிலத்தின் உறுதி எனப் பல கடிதங்கள் சேர்த்து, நெடுங்காலம் காத்திருந்து, துவக்கொன்று பெற்றேன். இங்கே என் குறையையும் சொல்லல் வேண்டும். முறையாக விண்ணப்பிக்கும் கமக்காரன் பல மேசைகளுக்கு அலைகின்றான். அலைந்து சலித்தவன் இடியன் துவக்கைக் களவாகச் செய்விக்கின்றான். அல்லது பாதையிலே கட்டுத்துவக்கை வைக்கின்றான். பன்றி தட்ட வேண்டிய கம்பியை விறகுக்குப் போன பெண்ணின் கால் தட்டுகின்றது. கட்டுத்துவக்குக்குக் காதுமில்லை, கண்ணுமில்லை. பின்னால் நிற்பதற்கு மனிதனே இல்லை. அதனினும் கொடிய துவக்கை நான் அறியேன். சட்டம் கண்டிப்பாக இருக்கட்டும். அதற்காக நேர்மையானவனின் கால் தேயவேண்டுமென்பதில்லை. பயிர்காக்கும் கமக்காரனையும் பதவியிலுள்ளவனையும் ஒரே அளவுகோலால் அளக்கட்டும். துவக்குக் காரனாகிய எனது அரசியல் இவ்வளவே.

மாணவர்காள், துவக்கைத் தீண்டாதீர் என்று நான் சொல்லவில்லை. அது புனிதமானதென்றும் சொல்லவில்லை. துவக்கினால் வீரம் வரும் என்போரையும், துவக்கினால் விடுதலை வரும் என்போரையும், துவக்கை ஒழித்தால் வன்மமே ஒழியும் என்போரையும் நீங்கள் வாழ்க்கையிலே சந்திப்பீர்கள். அவர்களிடம், கோதுகளை எண்ணிக் கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று கேளுங்கள். கணக்குச் சொல்லும் கடப்பாடற்ற கையிலே, அது காக்கிச் சட்டைக் கையாயினும் சாரம் உடுத்தவன் கையாயினும், துவக்கு இருத்தல் ஆகாது.

எனக்கு அகவை எழுபத்தெட்டு ஆகின்றது. இராக்காலத்திலே கண் தெளிவில்லை. காதாற் கேட்டுச் சுடும் நிலைக்கு வந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆண்டிறுதியில் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் காலம் வருகின்றது. இம்முறை நான் புதுப்பிக்கப் போவதில்லை. ஆயுத பூசையன்று பொட்டிட்டு, எஞ்சிய தோட்டா ஆறையும் எண்ணி, துவக்கோடு கொண்டுபோய் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்வதாக முடிவு செய்துள்ளேன். பன்றிக்கு என்ன செய்வீர்கள் என்று பேரன் கேட்கின்றான். அவனுக்குத் தேவையென்றால் அவன் தன் பெயரில் விண்ணப்பிக்கட்டும். அதற்குமுன் அந்த நாவல் மரத்தடிக்கு அவனை அழைத்துச் செல்வேன். போரிலே அடிமரம் எரிந்து மீண்டும் தளிர்த்தமையால் துளைகள் இப்போது தெரிவதில்லை. ஆயினும் அவை இருந்த இடம் எனக்குத் தெரியும்.

எண்ணிக் கொடுக்கக் கற்பித்த எமது கல்லூரி நீடு வாழ்க.